நாற்காலிக்கு அடியில் ஏழு திட்டு

ஏப்ரல் 16, புதன்

காலை ஆறு மணிக்கே முதுகில் வெயில். சித்திரை பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் இப்படி.

ஹால் துடைத்தேன். இரண்டு வாளி. ஒன்றில் மருந்துத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். நீலத் துணி ஹாலுக்கு, பச்சை அடுப்படிக்கு, கிழிந்தது பாத்ரூமுக்கு. இந்த மூன்று நிறத்தை இவரும் கற்றுக்கொள்ளவில்லை, இவரைப் பெற்றவரும் கற்றுக்கொள்ளவில்லை. நேற்று மாமா நீலத் துணியை எடுத்துச் செருப்பைத் துடைத்திருக்கிறார். கேட்டால், துணி நல்லா இருந்துச்சு தாயி என்கிறார். நல்லா இருப்பதால்தானே அது தரைக்கு.

வேலைக்கு ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்து ஒரு வருடம். வந்த மூன்று பேரில் ஒருத்தி வெள்ளை மார்பிளில் பினாயிலை ஊற்றினாள். ஒருத்தி சோப்புப் பொடியைத் தூவினாள். மூன்றாமவள் ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகும்போது கையோடு பிடித்தேன். மூவரும் வாசலோடு சரி.

பின்பக்கக் குழாய் உடைந்து நாலு நாள். இவர் சமயநல்லூரில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊர்க் குழாயெல்லாம் இவரால் ஓடும். வீட்டுக் குழாய்க்கு மட்டும் ஆள் வரவேண்டுமாம்.

ஏப்ரல் 17, வியாழன்

பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பேப்பர், முப்பத்தெட்டு. ஒரு பயல் அமிலம் என்றால் என்ன என்ற கேள்விக்கு "புளிக்கும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அரை மார்க் போட்டேன்.

சாயங்காலம்:
- பால் கணக்கு
- இவருடைய சட்டை பட்டன்
- விளக்கு, தட்டு, மணி எல்லாம் புளியில் ஊறப்போட்டுத் தேய்த்தாயிற்று. பின்பக்கம் தண்ணீர் இல்லாததால் பிளாஸ்டிக் பேசினோடு தூக்கிப்போய் பாத்ரூமில் அலச வேண்டியிருந்தது. இடுப்பு போய்விட்டது
- பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு, பழைய பிரஷ். பாதிதான் முடிந்தது

ஏப்ரல் 18, வெள்ளி

லீவு. நிதானமாகத் துடைத்து முடித்து நிமிர்ந்தேன். கிழக்கு ஜன்னல் வெயில் தரையில் சாய்வாக விழுந்தபோது தெரிந்தது. மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் திட்டுத் திட்டாக மங்கல். ஏழு. சிலது புளியங்கொட்டை அளவு, சிலது ஐந்து ரூபாய்க் காசு அளவு. விரலால் தடவினால் சொரசொரப்பு. மற்ற இடமெல்லாம் கண்ணாடி, இங்கே மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

இந்தக் கல் வந்து இறங்கிய அன்று ஒவ்வொரு பலகையாக நான் நின்று பார்த்து, கீறல் இருந்த நான்கைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வருடம் ஒரு சொட்டு டீ விழாமல் காப்பாற்றினேன்.

மிச்சம் கிடந்த மார்பிள் துண்டு ஒன்று பரணில் இருந்தது. எடுத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டேன். பத்து நிமிஷம். துடைத்தேன். அதே மங்கல், அதே சொரசொரப்பு. மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் அரிக்கும். பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

ஆக, அமிலம். இந்த ஹாலில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்திருப்பது யார்? எழுபத்தெட்டு வயது, புராஸ்டேட் மாத்திரை, அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம். எழுந்திருக்கும்போதே இரண்டு சொட்டு, போகிற வழியில் நாலு சொட்டு. திட்டுகள் சரியாக நாற்காலியிலிருந்து பாத்ரூம் போகிற வழியில்தான் இருக்கின்றன.

முகத்தைத் தரையோடு வைத்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. துடைத்த பிறகு எப்படி இருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே கேட்டார். பிறகு, "அப்பாட்ட நான் எப்படிச் சொல்றது? நீயே பக்குவமாச் சொல்லு" என்றார். பக்குவமாம். பெற்ற அப்பனிடம் பேச வாய் வராதவர் எனக்குப் பக்குவம் சொல்லித் தருகிறார்.

எதிர்வீட்டு அமுதா தோசை மாவு வாங்க வந்திருந்தாள். திட்டுகளைக் காட்டினேன். என்ன மதினி இது என்றாள். மாமாவுக்கு இப்போதெல்லாம் அடக்க முடியவில்லை, ஹாலெல்லாம் மூத்திரம், கல்லே அரித்துவிட்டது என்றேன். மாமாவுக்குக் காது மந்தம். அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. கைத்தடியின் பிடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தெரியாமப் போயிருக்கும் தாயி. இனிமே பாத்துக்கிறேன்."

எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. கொஞ்சம்தான். தரையைப் பார்த்ததும் போய்விட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

சோடா உப்புக் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ராத்திரி முழுக்க வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. போன் வீடியோவில் பார்த்த பெண் இதே வைத்தியத்தைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டுகிறாள். அவள் வீட்டில் மாமனார் இல்லை போலிருக்கிறது.

நாற்காலிக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்தேன். குழந்தைகளுக்குத் தொட்டிலில் போடுவது. மாட்டுத்தாவணிப் பக்கம் போன இவர் வாங்கி வந்தார். எதற்கென்று கேட்காமல் வாங்கி வந்தார், கேட்காமல் கொடுத்தார்.

மாமா அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே டிவி பார்த்தார். கால் வலித்ததும் படுக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 23, புதன்

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். மாமா தரையில் முட்டி போட்டு, தோளில் கிடந்த துண்டால் திட்டுகளை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முட்டியை மடக்க முடியாத மனிதர். வியர்வை மூக்கு நுனியில் நிற்கிறது, சொட்டப் போகிறது.

அந்தத் துண்டு சொரசொரப்பான துண்டு. கீறல் விழும். அதைத்தான் முதலில் சொன்னேன்.

எழுந்திருக்க முடியாமல் நாற்காலிக் காலைப் பிடித்தார். நாற்காலி நகர்ந்தது. கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவர் கை கொதித்தது.

கீறல் விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கடைசி வேலை நாள். பொறுப்பு ஒப்படைத்தல், கையெழுத்து, வடை. இனி ஜூன் வரை வீடுதான்.

விளக்கு தேய்த்தேன். புளி தீர்ந்தது, வாங்க வேண்டும். குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

ஏப்ரல் 25, வெள்ளி

புதிது. ஆறு. அதோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வளையமாக ஒரு தடம், பாதி வட்டம். அவர் சொம்பு வைத்த இடமாக இருக்கும், சொம்பிலும் என்னத்தைக் கலந்தாரோ.

நேற்று முழுக்க அவர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. அப்படியானால் நடக்கும்போது. அதாவது இனி ஹாலின் எந்த மூலையும் பத்திரமில்லை.

அழுதேன். கல்லுக்காக அழுகிறாளே என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். கல்யாணமாகி இருபது வருடம் சிமெண்டுத் தரையில் சாணி மெழுகாத குறையாகக் கிடந்தேன். சம்பளத்தில் சேர்த்து என் பெயர் சொல்லும்படி இந்த வீட்டில் நான் போட்டது இந்தத் தரை ஒன்றுதான். மனை மாமாவுடையது, சுவர் இவருடையது, தரை என்னுடையது.

இவரிடம் சொல்லிவிட்டேன். ஒன்று அவர், இல்லை என் தரை. இவர் வெளி ரூமில் ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெளி ரூம் என்பது கேட்டை ஒட்டி, மோட்டாருக்காகக் கட்டியது. தகரக் கூரை. சிமெண்டுத் தரை. வீடு கட்டும்போது கொத்தனார்களுக்காக வைத்த கக்கூஸ் பக்கத்திலேயே இருக்கிறது, அவருக்கு இதைவிட என்ன வசதி. கட்டில், ஃபேன், பல்பு, கொசுவலை, எல்லாம் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னைக் கொடுமைக்காரி என்று சொல்ல முடியாது.

அவர் கொண்டுபோனது: வேட்டி நாலு, துண்டு மூன்று, மாத்திரை டப்பா, செத்துப்போன அத்தை படம், நாள்காட்டி. நாள்காட்டிக்கு ஆணி கேட்டார். தகரத்துக்குக் கீழே சுவரில் இவர் அடித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஆணி விஷயமாக மட்டும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டார்கள்.

போகும்போது மாமா ஹாலில் கால் வைக்காமல், சுவர் ஓரமாக மிதியடி மேல் மிதியடியாக மிதித்துப் போனார். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நாத்தனாருக்கு, அதாவது வசந்திக்கு, இவர் போன் செய்தார். திருப்பூரில் இருக்கிறாள். அப்பாவுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று வெளி ரூமுக்கு மாற்றியிருக்கிறோம் என்றார். காற்றோட்டம்! என்னை விட நன்றாகப் பொய் சொல்கிறார். திருவிழாவுக்கு வருகிறாளாம், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க.

மே 1, வியாழன்

தரை ஒரு வாரமாகச் சுத்தம். ஒரு திட்டு புதிதாக இல்லை. சொன்னேனே.

வீடே வேறு மாதிரி இருக்கிறது. இருமல் இல்லை, கைத்தடி டொக் டொக் இல்லை. இரண்டு வேளையும் சாப்பாடு, மூன்று வேளை காபி, தட்டில் கொண்டுபோய் வைக்கிறேன். ரூமில் நுழைந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல். கதவைத் திறந்து வையுங்கள் மாமா என்றால், தெருவுல போறவுக பாப்பாக தாயி என்கிறார்.

விளக்கு, தட்டு தேய்த்தாயிற்று.

படுக்கும் முன் ஒரு யோசனை. ஹால் வாசல்படியின் உள்பக்கம் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வைத்தேன். யாராவது நான் தூங்கும்போது உள்ளே வந்தால் கால்தடம் காட்டிக்கொடுக்கும்.

மே 2, வெள்ளி

ஐந்து திட்டு. புத்தம் புதிது.

கோலப்பொடியில் தடமே இல்லை. அப்படியே இருக்கிறது. தாண்டி வந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயதில், மடங்காத முட்டியோடு, கோலப்பொடியைத் தாண்டி. வேண்டுமென்றே. என்னைப் பழிவாங்க.

நேரே போய்க் கேட்டேன். வரல தாயி என்றார். சாமி சத்தியமாகச் சொல்லுங்கள் என்றேன். வரல என்றார். பொய் சொல்லாதீங்க மாமா, அப்படியென்றால் தரையில் இருப்பது யார் போனது, நானா, உங்கள் மகனா என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தெருவில் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா கட்டில் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே சொன்னார்:

"வந்திருப்பேன் போல. தூக்கத்துல எந்திரிச்சு வந்தேனோ என்னமோ. எனக்கு நெனப்பு இல்ல தாயி."

ஒப்புக்கொண்டார். இன்றிலிருந்து ஹால் கதவை உள்பக்கம் பூட்டுகிறேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காக்காய்கூடப் பறக்கவில்லை.

மாமாவின் தண்ணீர்ச் சொம்பு காலையில் வைத்தது வைத்தபடி, மத்தியானமும். என்ன மாமா, தண்ணி குடிக்கலையா என்றேன். "குடிச்சாத்தானே வருது" என்றார்.

புத்தி வந்திருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் பாலிஷ் போடுகிற செலவு மிச்சமாகியிருக்கும். செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறார், செல்லூரிலிருந்து.

இவர் இரண்டு நாளாக அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. கடையில் வேலையாம். கேட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார், வருகிறார்.

மே 6, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதுகிறேன்.

பாலிஷ்காரர் சேகர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் வெள்ளைப் பொடி, பாதி வாய்க்கு வெற்றிலை. மிஷினை இறக்குவதற்கு முன் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கன்னத்தைச் சாய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். இது மூத்திரத்தால் வந்தது, வயதானவர் இருக்கிறார் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

அவர் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்தார். நாற்காலியிலிருந்து பாத்ரூம் வரை. பிறகு திரும்பி, நாற்காலியிலிருந்து இந்தப் பக்கம். நான் பார்க்காத பக்கம். அடுப்படி வாசல் வரை போய் நின்றார். அங்கேயும் திட்டு இருந்தது. நிலைப்படிக்குப் பக்கத்திலேயே.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு வெளக்கு எங்க வெளக்குவீக?"

பாத்ரூமில் என்றேன். புளியா என்றார். புளி என்றேன். பேசினில் வைத்துத் தூக்கிப் போவீர்களா, நடுவில் கை மாற்ற இந்த இடத்தில் இறக்கி வைப்பீர்களா என்று கேட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த அரை வட்டத்தை விரலால் சுற்றிக் காட்டினார். ஆமாம், அங்கேதான் இறக்கி வைப்பேன். பாத்ரூம் கதவின் கொண்டியைத் திறக்க ஒரு கை வேண்டும்.

"போற வீட்ல பாதி வீடு இதான்க்கா. ஆசிட்ட பூட்டி வச்சிருவாக, புளித்தண்ணிய ஊத்திருவாக. ஒண்ணுக்குப் போனா கல்லு மஞ்சளாத்தேன் வரும். இது வெளுத்துல்ல கெடக்கு."

அமிலம். புளிக்கும். அரை மார்க் போட்ட பயலுக்கு முழு மார்க் போட்டிருக்க வேண்டும்.

எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வியாழன் சாயங்காலம் விளக்கு, வெள்ளிக்கிழமை காலை திட்டு. எப்போதும் வெள்ளிக்கிழமைதான். கோலப்பொடியில் தடம் இல்லாதது. எலுமிச்சை விட்ட துண்டு. கையில் விடையை வைத்துக்கொண்டு, பேப்பரைத் திருத்துகிற நானே தப்பான பெயரை எழுதியிருக்கிறேன்.

சேகர் ஜன்னல் வழியாக வெளி ரூமைப் பார்த்தார். "அந்தப் பெருசு மேலயா போட்டிங்க?" என்றார். வேலையைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். கல்லை நம்பர் நம்பராக மாற்றித் தேய்த்தார், பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஓடியது, சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. திட்டு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது இரண்டாவது காபி கொடுத்தேன். இந்தப் புளி விஷயத்தை வெளியே பேச வேண்டாம், இவரிடமும் வேண்டாம் என்றேன். எனக்கென்னக்கா என்றார். போகிற போக்கில் வெளி ரூம் வாசலில் நின்று, ஐயா வாரேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

ராத்திரி சொல்லிவிடுவேன்.

மே 7, புதன்

சொல்லவில்லை. இவர் களைப்பாக வந்தார்.

குழாய்க்காரர் ஒருவழியாக வந்தார். பின்பக்கம் தண்ணீர் கொட்டுகிறது.

மாமாவை உள்ளே கூப்பிடலாம். பாலிஷ் காய வேண்டும், இரண்டு நாள் நடக்கக் கூடாது என்று சேகர் சொல்லியிருக்கிறார். அப்படி அவர் சொல்லவில்லை. உடனே நடக்கலாம் என்றுதான் சொன்னார்.

மே 8, வியாழன்

விளக்கைப் பின்பக்கம் வைத்துத் தேய்த்தேன். சுற்றிப் பின்பக்கம் வந்த மாமா எதேச்சையாகப் பார்த்தார். பேசினைப் புடவையால் மறைத்தேன். எதற்கு மறைத்தேன்.

அவர் உதடு வெடித்திருக்கிறது. தண்ணீர் குடியுங்கள் மாமா என்றேன். சரி தாயி என்றார். குடிக்கவில்லை.

மே 9, வெள்ளி

தரை சுத்தம்.

இவர் காலையில் காபியோடு நின்று பார்த்தார். "பாத்தியா, கதவப் பூட்டுனதும் ஒரு சொட்டு இல்ல. நீ சொன்னது சரிதான் புவனா. அவர் அங்கயே இருக்கட்டும்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் நான் சொன்னது சரி என்று சொன்னது இதுதான் முதல்தடவை.

வாயைத் திறந்தேன். புளி என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். இவர் முகம், அமுதா முகம், வசந்தி முகம். அறிவியல் டீச்சர். மூடிக்கொண்டேன்.

இவர் சந்தோஷமாகக் கடைக்குப் போனார்.

மே 10, சனி

மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சோறு கொண்டுபோனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. தோல் தீயாகச் சுட்டது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. அமுதாவும் அவள் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். ஆட்டோ. டிரிப்ஸ்.

டாக்டர் பெண், சின்ன வயது. சிறுநீரகத்தில் தொற்று, உடம்பில் தண்ணீரே இல்லை, இந்த வெயிலில் எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். டிரிப்ஸில் கொஞ்சம் தெளிந்திருந்த மாமாதான் பதில் சொன்னார், கண்ணைத் திறக்காமல். எனக்கு அடக்க முடியல டாக்டரம்மா, வீட்டை நாறடிச்சிருவேன், அதான் குடிக்கல என்றார்.

டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அடக்குவதில் ஒரு பிரச்சினையும் இல்லையே தாத்தா, யார் சொன்னது என்றாள்.



மே 11, ஞாயிறு

ஆஸ்பத்திரித் தரை கிரானைட். டெட்டாலும் பிளீச்சிங்கும் மாறி மாறி ஊற்றுகிறார்கள், மெருகே போய்விட்டது. அவர் படுத்திருக்கும்போது இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்.

காலில் மூன்று இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. கட்டில் கம்பி பட்டதாம். நான் சோறு வைக்கும்போது ஒருநாளும் காலைப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே மட்டும் பார்த்திருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

நேற்று ஆற்றில் அழகர் இறங்கியதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. வசந்தி நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். இன்று காலை மாமாவைக் கூட்டிவந்தோம்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவர் வெளி ரூமைப் பார்த்துத் திரும்பினார். வசந்தி கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள். ஹால் வாசல் வரை வந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று கிடந்ததைப் பார்த்தார். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வேணாம்மா வசந்தி. நான் வந்தா தரை கெட்டுப்போகும். உன் மதினி அரும்பாடுபட்டு வச்சிருக்கு."

வசந்தி ஒன்றும் புரியாமல் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். அமுதா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

அப்போதுதான் சொன்னேன். எல்லோர் முன்னாலும்.

"மாமா, அது நீங்க இல்ல. நான் வெளக்கு தேச்ச புளித்தண்ணி. நான்தான் ஊத்தியிருக்கேன். பாலிஷ்காரர் சொன்னாரு, எனக்குப் போன வாரமே தெரியும்."

சொல்லி முடித்ததும் யாராவது அடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

மாமா என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினார்.

"எந்த மருமக இப்படிச் சொல்லுவா? கெழவன் மனசு நோகக் கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கிருது பாரு வசந்தி."

நிஜமாகத்தான் மாமா என்றேன். சரி தாயி, சரி தாயி என்றார், குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி. இவர் என் தோளைத் தொட்டு, விடு புவனா, போதும் என்றார். இவர் கண்ணும் ஈரம். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சேகரைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். பரணில் இருக்கிற துண்டை எடுத்துவந்து எல்லோர் கண்முன்னாலும் புளியை ஊற்றிக் காட்டியிருக்கலாம்.

கையை உருவிக்கொள்ளவில்லை.

மாமா வெளி ரூமுக்கே போனார். யார் சொல்லியும் கேட்கவில்லை. வசந்தி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போதும் என்றாராம்.

இப்போது வசந்தி அடுப்படியில் நின்று தன் மாமியாரிடம் போனில் பேசுகிறாள். என்னைப் பற்றித்தான். மதினி மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை அத்தை என்கிறாள். ஹால் கதவுக்குப் பின்னால் நின்று கடைசி வரை கேட்டேன்.